ஓப்பலின் கையைப் பிடிக்காதீர்கள்

“குழந்தையைக் கடைசியா எப்போ டாக்டர்கிட்ட காட்டினீங்க?”

“போன செவ்வாய்க்கிழமை,” என்றாள் மார்னி.

அவசரப் பிரிவின் இளம் டாக்டர் எதிரில் இருந்த திரையைப் பார்த்தார். மார்னியைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார். இரண்டில் எதை நம்புவது என்று அவர் முடிவு செய்த கணம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. சின்ன வயதிலிருந்தே அந்தக் கணத்தைப் பல டாக்டர்களின் முகத்தில் பார்த்துப் பழகியவள் அவள்.

“இதுல ஒண்ணும் காணோமே. மூணு வருஷமா எந்த டாக்டரும் இவளைப் பார்த்த மாதிரியே தெரியலையே.”

“அதுல வராதுங்க. எங்களுக்குச் சந்தா டாக்டர். மாசாமாசம் அவருக்கே நேரா கட்டிடுவோம். எப்ப வேணா போகலாம், போன் பண்ணலாம். அவர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு பில் அனுப்புறதில்ல. பில் போகாததால உங்க திரைக்கும் எதுவும் வராது.”

“அப்போ அவரை நீங்க வெச்சிருக்கீங்க. மாசச் சம்பளத்துக்கு.”

“சம்பளம் இல்லைங்க. சந்தா.”

“சரி,” என்றார் டாக்டர்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த ஓப்பலுக்கு ஆறு வயது. ஈரமான நீச்சல் உடையை இழுத்துக் கழற்றும்போது இடது தோள் நழுவிவிட்டது. அவளுக்கு அது புதிதல்ல. ஆனால் இந்தத் தடவை விரல் நுனிகள் வெளுத்துக் குளிர்ந்தன. மகன் கல்யாணத்துக்காக ஓரிகனுக்குப் போயிருந்த சந்தா டாக்டர் ஷ்ராக் போனில் கேட்டுவிட்டு, “நீ கைவைக்காதே மார்னி, நகரத்துக்கு ஓடு,” என்றார். ஓடிவந்தாள். தலையணை உறையில் கையைக் கட்டித் தூக்கிவைத்திருந்த குழந்தை அழக்கூட இல்லை. அழாததும் இங்கே ஒரு குற்றமாகப் போகிறது என்று மார்னிக்கு அப்போது தெரியாது.

“அம்மா, இவருக்கு ஐஸ்கிரீம் டாக்டரைத் தெரியாதா?” என்று கேட்டாள் ஓப்பல்.

தோளை உள்ளே தள்ளினார்கள், படம் எடுத்தார்கள். பிறகு ஒரு நர்ஸ் வந்து குழந்தையின் உடையை விலக்கி, முழங்காலுக்குக் கீழே, இடுப்பில், முதுகில் என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தாள். மரத்தடியில் விழுந்து நசுங்கிய மல்பெரிப் பழம்போல ஆங்காங்கே கன்றிப்போயிருந்தது.

“இதெல்லாம் எப்படி?”

“நாற்காலில இடிச்சா வரும். நாய் வாலாட்டினாக்கூட வரும். அவளுக்குத் தோலும் மூட்டும் அப்படி. எஹ்லர்ஸ்-டான்லோஸ்னு பேரு. பிறவியிலேயே வர்றது. எனக்கும் இருக்கு.”

“டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கா?”

“இந்த வகைக்கு ரத்தத்துல பார்க்கிற டெஸ்டே இன்னும் கிடையாதுங்க. எந்த மரபணுன்னே யாரும் கண்டுபிடிக்கல. உடம்பைப் பார்த்து, வீட்ல யாருக்கெல்லாம் இருக்குன்னு கேட்டுத்தான் சொல்லுவாங்க. பல்கலைக்கழக ஆஸ்பத்திரில பேர் கொடுத்திருக்கோம். அடுத்த வருஷக் கடைசிக்கு வரச் சொல்லியிருக்காங்க.”

“அப்போ, உங்க டாக்டர் சொன்னது மட்டும்தான்.”

“ஆமா. என் டாக்டர் சொன்னது மட்டும்தான்.”

நர்ஸ் கனிவாகத் தலையாட்டினாள். கடுகடுப்பவர்களோடு சண்டை போடலாம். கனிவானவர்கள்தான் வெளியே போய் போனை எடுக்கிறவர்கள்.

*

குழந்தையை வீட்டில் அடிக்கிறார்களோ என்று ஆஸ்பத்திரி புகார் சொல்ல, மறுநாள் காலையிலேயே குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ரெனே என்ற பெண் வந்தாள். மார்னியைவிட இளையவள். காரின் பின்னிருக்கையில் ஒரு குழந்தை இருக்கையும், தின்றுவிட்டுப்போட்ட சிப்ஸ் பைகளும் கிடந்தன. தூக்கத்தைக் கடன் வைத்திருந்த கண்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், ஓப்பலோடு தனியாகப் பேசினாள், சமையலறை மேசையில் உட்கார்ந்து நிபந்தனைகளைச் சொன்னாள்.

விசாரணை முடியும்வரை மார்னி தன் மகளோடு தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் வேறொரு பெரியவர் பார்வையில் இருக்க வேண்டும். குளிப்பாட்டும்போது கதவு திறந்திருக்க வேண்டும். அடிபட்டால் வீட்டில் கைவைக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். மீறினால், அல்லது இன்னொரு காயம் விளக்கமில்லாமல் வந்தால், ஓப்பல் கொஞ்ச நாளைக்கு வேறு வீட்டில் இருக்க நேரும்.

“வேற வீடுன்னா யார் வீடு?”

“பயிற்சி பெற்ற குடும்பங்கள் இருக்காங்க.”

“என்ன பயிற்சி? இவ கையை எப்படிப் பிடிக்கணும்னு அவங்களுக்குத் தெரியுமா?”

ரெனே குறிப்பேட்டைப் புரட்டினாள். பார்த்துக்கொள்ளக்கூடிய உறவினர் யாராவது உண்டா என்று மட்டும் கேட்டாள்.

கணவன் லைல் கோதுமை அறுவடைக் குழுவோடு டெக்சஸில் தொடங்கி வடக்கே வந்துகொண்டிருந்தான். ஜூன் பிறந்தால் அவன் வீட்டுக்காரன் இல்லை, இயந்திரத்துக்காரன். போனில் சேதி கேட்டதும் கிளம்பி வந்துவிடவா என்றான். பாதியில் விட்டு வந்தால் அடுத்த வருடம் குழுவில் இடமில்லை. அவனுடைய அக்கா டார்லாதான் மிச்சம்.

மார்னியின் நாத்தனார் டார்லா தன் வீட்டிலேயே அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறவள். சுவரில் சட்டம் போட்ட லைசன்ஸ் தொங்கும். அந்த லைசன்ஸ்தான் அவளை ரெனேயின் கண்ணில் தகுதியானவளாக்கியது. குழந்தைகளைப் பத்து நாளுக்குத் தோழி ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு பெட்டியும் தன்னுடைய தலையணையுமாக வந்து இறங்கினாள்.

“ஒண்ணுக்குப் போறதுக்காவது நீ என்கிட்ட சொல்லாம போலாமா, இல்ல அதுக்கும் நான் வரணுமா?”

“குழந்தையோட போனா மட்டும்தான் நீ வரணும்.”

“நல்லாருக்குடி இது. அம்பது வயசுல எனக்குப் போலீஸ் உத்தியோகம்.”

டார்லா கெட்டவள் அல்ல. ஆனால் நாக்கு அவள் சொன்ன பேச்சைக் கேட்காது. அன்று மாலையே மிளகாயும் மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்டுக் கொதிக்கவைத்து, தொட்டுக்கொள்ள லவங்கப்பட்டை ரொட்டிச் சுருளும் சுட்டுவைத்துவிட்டு, மார்னி தட்டில் கைவைக்கும் நேரம் பார்த்துத் தொடங்கினாள்.

“எங்க குடும்பத்துல ஒருத்தருக்கும் மூட்டு கழண்டதில்ல. எங்க அப்பா டிராக்டர்லேருந்து விழுந்தாரு. டிராக்டர்தான் உடைஞ்சது.”

“இது என் பக்கத்துலேருந்து வந்தது. நான்தான் சொல்லிட்டேனே.”

“நீ சொல்லலை. அந்த டாக்டர் சொன்னாரு. மாசாமாசம் காசு வாங்குற ஆளு, உனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போன்னு சொல்லுவாரா? ஜிம் நடத்துறவன் எவனாவது, நீ நல்லாத்தான் இருக்கே, இனிமே வராதேன்னு சொல்லிக் கேட்டிருக்கியா?”

மார்னி கரண்டியைக் கீழே வைத்தாள். “பதினஞ்சு வருஷம் ஒண்ணுமில்லைன்னு சொன்னவங்களுக்கும் நான் காசு கொடுத்துட்டுத்தான் வந்தேன், டார்லா.”

அது உண்மை. பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆடும்போது முழங்கால் சில்லு பக்கவாட்டில் நகர்ந்தது. வளரும் வலி என்றார்கள். கல்லூரியில் தோள், மனப்பதற்றம் என்றார்கள். பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு. எடையைக் குறை என்றார் ஒருவர், தேவாலயத்துக்குப் போகிறாயா என்று கேட்டார் இன்னொருவர். ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் அவளோடு உட்கார்ந்தவர் இல்லை. கடைசியாக, ஊர்க்கோடியில் மூடிக்கிடந்த ஐஸ்கிரீம் கடையை வாங்கிச் சந்தா மருத்துவமனையாக மாற்றியிருந்த டாக்டர் ஷ்ராக்கிடம் போனாள். கார்களுக்கு ஐஸ்கிரீம் நீட்டிய ஜன்னலை அவர் அடைக்கவில்லை. இப்போது அதன் வழியே மாத்திரை தருவார். முதல் நாள் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் அவளைப் பேசவிட்டார். பிறகு சம்பந்தமே இல்லாமல் ஒன்று கேட்டார்: “பல் டாக்டர் ஊசி போட்டா உனக்கு மரத்துப்போகுமா?”

மரத்ததே இல்லை. நடிக்கிறாள் என்று சொல்லியபடியே ஒரு பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஷ்ராக்கின் நாற்காலியிலேயே அழுதாள்.

அவர்தான் சொன்னார். இந்த நோய் உள்ள பலருக்கு மரப்பு ஊசி சரியாகப் பிடிக்காதாம். உடம்பைச் சேர்த்துப் பிடிக்கும் பசை பிறவியிலேயே தளர்வு. குணமாக்க முடியாது, காப்பாற்றிக்கொள்ளலாம். தசையை வலுவாக்கும் பயிற்சிகள், இரவில் எப்படிப் படுப்பது, எந்த மூட்டுக்கு எப்போது பட்டை போடுவது, எதற்கு ஓடிவர வேண்டும், எதற்கு வீட்டிலேயே காத்திருக்கலாம் என்று ஒவ்வொன்றாக. பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்ற மூன்று வயது ஓப்பலைப் பார்த்துவிட்டு, அவள் கட்டைவிரலை மெதுவாக மடக்கினார். அது முன்கையைத் தொட்டது. “இவளையும் சேர்த்துக்கலாம்,” என்றார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம். ஓப்பலின் கையை யாரும் பிடிக்கக் கூடாது. விரலை நீட்ட வேண்டும். அவள் பிடித்துக்கொள்வாள். பிடிப்பது அவள் வேலை, விடுவதும் அவள் வேலை. ஓப்பலுக்கும் ஒரு சட்டம் உண்டு: விரலைப் பின்னால் வளைத்துக் காட்டுவது, கால்களைத் தலைக்குப் பின்னால் போடுவது போன்ற வித்தைகள் இனிமேல் கிடையாது. வளைய வளையத் தளரும்.

அந்த வித்தைகளைத்தான் இப்போது எல்லோரும் கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். ரெனே கேட்டாள். டார்லாவும் கேட்டாள். “காட்டச் சொல்லேன், பார்ப்போம். நம்பிட்டுப் போறேன்.”

“நீ நம்பணும்கிறதுக்காக என் பொண்ணு தோளைக் கழட்டிக்கணுமா?”

*

டாக்டர் ஷ்ராக் திரும்பிவந்த அன்றே நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். மாலையில் மார்னி வீட்டுக்கு வந்தபோது கல்யாணத்துக்கு வெட்டிய முடி கலைந்திருந்தது. சமையலறையில் நின்றுகொண்டே பேசினார். டார்லா உருளைக்கிழங்கு உரித்தபடி காதைத் தீட்டி வைத்திருந்தாள்.

“மூணு வருஷத்துக் குறிப்பையும் கொடுத்தேன் மார்னி. ரொம்ப மரியாதையா வாங்கிக்கிட்டாங்க. அப்புறம் கேட்டாங்க, இந்தக் குடும்பத்துகிட்ட நீங்க நேரடியாப் பணம் வாங்குறீங்க, அப்படித்தானேன்னு.”

“வேலிக்கு ஓணான் சாட்சி,” என்றாள் டார்லா, உருளைக்கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அதேதான். நான் ஓணான்.”

மார்னி சிரிக்கவில்லை. “இன்சூரன்ஸ்காரன் காசு கொடுத்தா அது காசு இல்லையா டாக்டர்? அவங்க டாக்டருக்கெல்லாம் யார் கொடுக்கிறாங்க? காத்தா?”

“அவங்களுக்குக் கொடுக்கிறவன் பேஷண்ட் முகத்தைப் பார்க்கிறதில்ல. அதனால சுத்தம்னு நினைக்கிறாங்க.” அவர் தொப்பியை மேசைமேல் வைத்தார், மறுபடி எடுத்தார். “என் மேலயும் தப்பு இருக்கு. அந்தப் பில் காகிதமெல்லாம் வேண்டாம், மனுஷங்களைப் பார்த்தாப் போதும்னு வெளியே வந்தேன். வெளியே நிக்கிறவன் சொன்னா உள்ளே கேட்காதுன்னு யோசிக்கல. உங்களைப்போல குழந்தைங்க இருக்கிற வீட்டுக் குறிப்பையாவது ஒரு காப்பி எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கிட்டே இருந்திருக்கணும்.”

“நீங்க மன்னிப்புக் கேட்கிறீங்க,” என்றாள் மார்னி. “உங்களை நான் கேட்கச் சொல்லல. கேட்க வேண்டியவங்க கேட்கலையே.”

அவர் போனபின் டார்லா வெகுநேரம் உரித்த கிழங்கையே உரித்துக்கொண்டிருந்தாள். “அந்த ஆளு பரவாயில்ல,” என்றாள் கடைசியில். “ஆனா எங்க அப்பாவோட டிராக்டர் கதை நிஜம்.”

அந்த நாட்களில் மார்னியைக் கொன்றது பெரிய விஷயங்கள் அல்ல. மாலைக் குளியல்தான். கதவு திறந்திருக்கும். கூடத்தில் ஒரு நாற்காலி போட்டு டார்லா உட்கார்ந்திருப்பாள். ஓப்பலின் முதுகுக்கு மார்னி சோப்புப் போடுவாள். அழுத்தாமல், உள்ளங்கையால், ஷ்ராக் சொல்லிக்கொடுத்தபடி தோள்பட்டையைத் தாங்கிக்கொண்டு. பெற்ற பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றும்போது, பார்க்கிறவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்து ஊற்ற வேண்டியிருந்தது. ஓப்பல் மட்டும் அதற்குப் பழகிப்போனாள். “அத்தை, நான் காதுக்குப் பின்னாடியும் கழுவிட்டேன், பார்த்தீங்களா?” என்று கூடத்தைப் பார்த்துக் கத்துவாள்.

“பார்த்தேன் செல்லம். எல்லாத்தையும் பார்த்துட்டேன். கண்ணை மூடிக்கத்தான் எனக்கு அனுமதி இல்ல.”

*

ரெனே அடுத்து வரவிருந்த நாளுக்கு முந்தைய மதியம், மூவரும் மெயின் தெருவுக்குப் போனார்கள். அறுவடைக் காலத்தில் அந்தத் தெரு மனிதர்களுடையது அல்ல. தானியக் கிடங்கின் வாசலில் எடை போடக் காத்திருக்கும் லாரிகள் வரிசையாக நிற்கும். முறை வந்ததும் ஓட்டுபவர்கள் முன்னும்பின்னும் பார்க்காமல் கிளப்புவார்கள். தூசியில் வெயில் தெரியாது. ஓப்பலுக்குப் பனிக்கட்டிச் சீவல் வேண்டும். சிவப்புச் சாறு ஊற்றியது.

மார்னி சில்லறை வாங்கிக்கொண்டு பின்னால் வந்தாள். முன்னால் ஓப்பல் அத்தையின் விரலைப் பிடித்திருந்தாள். டார்லா இந்த ஒரு வாரத்தில் அந்தச் சட்டத்தைக் கிண்டல் செய்துகொண்டே கடைப்பிடிக்கவும் பழகியிருந்தாள். தெருவின் நடுவில் கோப்பை சாய்ந்து சிவப்புக் கட்டி ஒன்று கீழே விழுந்தது. ஓப்பல் விரலை விட்டுவிட்டுக் குனிந்தாள். அதே நேரம் ஒரு லாரி பின்பக்கமாக நகர்ந்தது.

டார்லா செய்ததை யாரும் செய்திருப்பார்கள். எட்டிப் பிடித்தாள், இழுத்தாள். லாரியின் சக்கரம் சிவப்புக் கட்டியின் மேல் ஏறி நின்றது.

“அத்தை,” என்றாள் ஓப்பல் நடைபாதையில் நின்று, சாதாரணமாக. “கழண்டுடுச்சு.”

டார்லா அந்தத் தோளைப் பார்த்தாள். இருக்க வேண்டிய இடத்தில் பள்ளமும், இருக்கக் கூடாத இடத்தில் மேடும். வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி, தபால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

“உட்காரு,” என்றாள் மார்னி. மகளிடம் அல்ல, நாத்தனாரிடம். “தலையைக் கீழே வை. நான் வண்டியை எடுத்துட்டு வரேன். இல்ல, நான் எடுத்தா நீ அவகூட இருக்கணும். நீ எடுத்தா நான் தனியா இருக்கக் கூடாது. ரெண்டு பேரும் எழுந்திரிங்க. சேர்ந்தே போவோம்.” சொல்லும்போதே கோபத்தில் அவள் பற்கள் கிட்டித்தன. மகளின் கை தொங்குகிறது. மார்னியோ நிபந்தனைகளை ஒப்பித்துக்கொண்டிருக்கிறாள்.

“ஆஸ்பத்திரிக்கா?” என்றாள் டார்லா.

“டாக்டர்கிட்ட காட்டணும்னு சொன்னாங்க. எந்த டாக்டர்னு சொல்லல.”

ஐஸ்கிரீம் கடையில் ஷ்ராக் ஓப்பலை மேசைமேல் குப்புறப் படுக்கவைத்தார். இடது கையைக் கீழே தொங்கவிட்டு, வலது கையில் ஒரு குச்சி ஐஸைக் கொடுத்தார். அவசரப்படவில்லை. அவளோடு லாரிகளைப் பற்றிப் பேசினார். பேசிக்கொண்டிருக்கும்போதே தோள் தானாகத் தன் குழிக்குள் போய் உட்கார்ந்தது. ஓப்பலின் சட்டைக் கையை உயர்த்தியபோதுதான் மூவரும் பார்த்தார்கள். மணிக்கட்டுக்கு மேலே இளஞ்சிவப்பாக ஐந்து விரல் தடங்கள்.

“நாளைக்குக் காலையில இது ஊதாவாயிடும்,” என்றார் ஷ்ராக். “அந்த அம்மா நாளைக்குத்தானே வராங்க? நீங்களே முந்திக்கிட்டுச் சொல்லிடுங்க.”

வீடு திரும்பும்வரை டார்லா தன் வலக்கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். மார்னிக்குப் புரிந்தது. ஒரு குழந்தையின் கையில் ஐந்து விரல் தடம். யார் விரல் என்று தடம் சொல்லாது. விசாரணை யார்மேல் நடக்கிறதோ அவள் விரல் என்றுதான் படிப்பார்கள். டார்லா வாயைத் திறந்தால், சுவரில் சட்டம் போட்டுத் தொங்கும் லைசன்ஸ் அன்றைக்கே இறங்கும். திறக்காவிட்டால் ஓப்பல் வேறு வீட்டுக்குப் போவாள், கையைப் பிடிக்கத் தெரியாத வீட்டுக்கு.

நான் கெஞ்ச மாட்டேன், என்று மார்னி தனக்குள் சொல்லிக்கொண்டாள். உண்மையைச் சொல்லச் சொல்லி ஒருத்தியிடம் கெஞ்சும் நிலைக்கு என்னை யார் கொண்டுவந்தது? அன்று மாலைக் குளியலின்போது டார்லா நாற்காலியில் இருந்தாள். ஆனால் கூடத்துச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

காலையில் ரெனே வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே தடங்களைப் பார்த்துவிட்டாள். பேனாவை மூடி வைத்தாள்.

“இது என்ன?”

ரொட்டி சுட்ட வாசனை வீடு முழுக்க இருந்தது. டார்லா விடியும் முன்பே எழுந்து முட்டைக்கோசும் இறைச்சியும் அடைத்த பன் சுட்டிருந்தாள், ஒரு படைக்குப் போதுமான அளவு. இப்போது அடுப்புக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றாள்.

“மார்னி, உங்களைத்தான் கேட்கிறேன். இது விரல் தடம்.”

“தெரியுது.”

“யாரோடது?”

டார்லாவின் பெயரை மார்னி தன் வாயால் சொன்னால் அது பழியாகத்தான் கேட்கும். மூன்று வருடம் பார்த்த டாக்டர் சொன்னதையே காதில் போட்டுக்கொள்ளாதவர்கள் இவள் சொல்வதையா நம்பப்போகிறார்கள்?

ரெனே பெருமூச்சு விட்டாள். “அப்போ நான் ஒரு போன் பண்ண வேண்டியிருக்கும்.”

டார்லா திரும்பினாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஓப்பலுக்கு முன்னால் மண்டியிட்டாள். தன் வலக்கையை விரித்து, அந்த ஊதாத் தடங்களின் மேல், தொடாமல், நேராக வைத்தாள். விரலுக்கு விரல் பொருந்தியது.

“என்னோடது. எழுதிக்கோ.”

“அத்தை என்னை லாரிகிட்டேருந்து இழுத்தாங்க,” என்றாள் ஓப்பல். “அப்புறம் தபால் பெட்டிமேல வாந்தி எடுத்தாங்க.”

“அதையும் எழுதிக்கோ,” என்றாள் டார்லா.

ரெனே எழுதவில்லை. “உங்களுக்குப் புரியுதா? இதைக் கேட்டபிறகு உங்க மேலயும் நான் ஒரு விசாரணை திறந்தாகணும். அது முடியுற வரைக்கும் உங்க காப்பகம்…”

“புரியாமலா விடியறதுக்கு முன்னாடி எழுந்து இத்தனை பன் சுட்டேன்?” டார்லா மேசைமேல் கையூன்றி எழுந்தாள். “திற. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. அடுத்து யாரைக் காவல் போடப்போறே? எங்க பாஸ்டரைப் போடு. தங்கமான மனுஷன். அவர் கையில ஒரு வாரத்துல கழலும். அப்புறம் ஷெரிஃப் வரட்டும். அவர் கையிலயும் கழலும். அப்புறம் அந்த ஆஸ்பத்திரி டாக்டர் தம்பியைக் கூட்டிட்டு வா. அறுவடை நேரத்துல இவளை மெயின் தெருவைத் தாண்டிக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. இந்த ஊர்ல அத்தனை பேர் பேரையும் எழுதி முடிச்ச பிறகாவது, தப்பு கையில இல்ல, தோள்லன்னு உங்களுக்கு உறைக்குமா? நானும்தான் மார்னியை நம்பல. ஒரு வாரம் பக்கத்துல உட்கார்ந்து கிண்டல் பண்ணிட்டிருந்தேன். எனக்கே என் கையில வந்து விழுந்தபிறகுதான் புத்தி வந்தது. எல்லாருக்கும் அப்படித்தான் வரணும்னா, எத்தனை தடவை கழலணும் இந்தக் குழந்தைக்கு?”

ரெனே ஓப்பலைப் பார்த்தாள். பிறகு மார்னியிடம், முதல் தடவையாக, உத்தியோகக் குரல் இல்லாமல் கேட்டாள். “அப்போ இவளை எப்படிப் பிடிக்கணும்?”

“பிடிக்கக் கூடாது. விரலை நீட்டணும்.”

ரெனே ஆட்காட்டி விரலை நீட்டினாள். ஓப்பல் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அதைப் பிடித்துக்கொண்டாள்.

காவலுக்கு டார்லாவையே தொடரச் சொன்னாலும், போகும்போது ரெனே இரண்டாவது விசாரணையையும் திறந்துவிட்டுத்தான் போனாள். அவளுக்கு வேறு வழியில்லையாம். மார்னி அதை நம்பினாள். ஆனால் மன்னிக்கவில்லை. அந்த வழிகளைப் போட்டதும் மனிதர்கள்தானே.

*

அறுவடை வடக்கே டகோட்டா வரைக்கும் போய்விட்டிருந்தது, அந்தப் போன் வந்தபோது. ரெனேயின் மேலதிகாரி டாக்டர் ஷ்ராக்கோடு ஒருவழியாக உட்கார்ந்து பேசினாராம். பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் ஓப்பலுக்கு முன்கூட்டியே நேரம் வாங்கித் தந்தார்களாம். இரண்டு விசாரணையும் முடிந்தது.

“போதுமான ஆதாரம் இல்லைன்னு முடிச்சிருக்கோம்,” என்றாள் ரெனே. அவள் குரலில் நிஜமான சந்தோஷம் இருந்தது.

“ஆதாரம் இல்லைன்னா? நாங்க செய்யலைன்னு அர்த்தமா?”

“செஞ்சதா நிரூபிக்க முடியலைன்னு அர்த்தம்.”

“நாங்க செய்யலைன்னு எழுதுங்க.”

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. “படிவத்துல அப்படி ஒரு கட்டம் இல்லைங்க, மார்னி. இருக்கிறதுலயே இதுதான் நல்லது.”

“எவ்வளவு நாளைக்கு இருக்கும் அது, எங்க பேர்ல?”

“சில வருஷம்.”

மார்னி போனை வைத்தாள். வைத்த கையோடு அது மறுபடி சிணுங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி. எங்கள் அவசரப் பிரிவில் உங்கள் அனுபவம் எப்படி இருந்தது, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டிருந்தார்கள். இது மூன்றாவது நினைவூட்டல். டார்லா அதை வாங்கிப் பார்த்தாள்.

“கொடு, நான் பதில் போடறேன்.”

“என்ன போடுவே?”

“வானத்துல இருக்கிறதை எண்ணிக்கச் சொல்லுவேன்.” ஆனால் போடவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தாள். அவளுடைய காப்பகத்தில் இரண்டு குடும்பங்கள் குழந்தைகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டிருந்தன. ஒன்று தேவாலயத்தில் அவளுக்குப் பக்கத்து இருக்கையில் உட்காரும் குடும்பம். அவள் அதைப் பற்றி மார்னியிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். “கும்பிடுற இடத்துல நகர்ந்து உட்காருறாங்கடி,” என்றாள்.

அன்று மாலை மார்னி தொட்டியில் தண்ணீர் நிரப்பினாள். சூட்டைப் புறங்கையால் பார்த்தாள். ஓப்பல் மெதுவாகக் கால் வைத்து இறங்கினாள். கூடத்தில் டார்லா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் போவது கேட்டது. மார்னி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தத்தைக் கேட்டாள். இத்தனை நாளாக அந்தச் சத்தத்துக்காகத்தான் காத்திருந்தாள்.

“அம்மா, ஏன் மூடுறே?”

“இனிமே மூடலாம் செல்லம். சொல்லிட்டாங்க.”

ஓப்பல் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நுரை அவள் தோளில் அப்படியே நின்றது. “வேண்டாம். அத்தை பார்க்கலைன்னா, என்னை வேற வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க.”

“மாட்டாங்க. முடிஞ்சுடுச்சு.”

“திற, அம்மா.”

தோள் கழன்றபோதுகூட அவள் குரல் இப்படி நடுங்கியதில்லை. மார்னி தாழ்ப்பாளின் மேல் கையை வைத்தபடி நின்றாள். இதற்கு யாரிடம் போய்க் கேட்பது, எந்தக் கட்டத்தில் எழுதச் சொல்வது? திரையில் தெரியாததையெல்லாம் இல்லை என்று சொன்னவர்களின் திரையில் இதுவும் தெரியப்போவதில்லை.

கதவைத் திறந்தாள்.

டார்லா நாற்காலியோடு கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள். மார்னியின் முகத்தைப் பார்த்தாள். திரும்பிவந்து நாற்காலியைப் பழைய இடத்திலேயே போட்டு, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

“காதுக்குப் பின்னாடி கழுவினியா?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

“இனிமேதான் அத்தை.”

“கழுவு. நான் எங்கேயும் போகல.”